கெட்ட பெயர் எடுத்த நல்ல வண்டி

மும்பையில் பழைய கார் தேடுகிற ஒருவர் செவ்ரோலே ஃபாரஸ்டர் என்ற பெயரை எடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "அந்த வண்டிப் பக்கமே போகாதீங்க சார். ஹெட் கேஸ்கட் போகும், பார்ட்ஸ் கிடைக்காது" என்பார் ஒருவர். "அந்த மாதிரி ஒரு வண்டி அதுக்கப்புறம் இந்தியாவுக்கு வரவே இல்லை" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் அனுபவப்பட்டவர்களாகவே இருப்பார்கள், இருவரும் பேசுவது ஒரே வண்டியைப் பற்றித்தான். ஒரு இயந்திரத்தின் நம்பகத்தன்மையை அளக்கலாம். அதன் பெயரை அப்படி அளக்க முடிவதில்லை. இந்த இரண்டும் எங்கே ஒட்டிப் போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைப் பார்க்க ஃபாரஸ்டரைவிடப் பொருத்தமான வண்டி இந்தியாவில் ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறப்பிடம் ஜப்பானின் பனி. வடக்கே தோஹொக்கு மின்வாரியத்தின் ஊழியர்கள் குளிர்காலத்தில் மலைப்பாதையில் மின்கம்பிகளைச் சரிபார்க்க ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜீப் பனியில் ஏறும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் குளிரில் விறைத்துப்போவார். நான்கு சக்கரமும் இழுக்கிற, ஆனால் சாதாரணக் கார் போல மூடிய வண்டி ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1971-இல் மியாகி மாநிலத்து சுபாரு விற்பனையாளர் ஒரு வேனைப் பிரித்து, பின்சக்கரங்களுக்கும் விசை போகும்படி மாற்றிக் கொடுத்தார். மறு ஆண்டே சுபாரு லியோனி எஸ்டேட் வேன் தொழிற்சாலையில் தயாராகி வெளிவந்தது. சொகுசுக்கோ பந்தயத்துக்கோ பிறந்த தொழில்நுட்பம் இல்லை இது. மழையும் பனியும் பார்க்காமல் வேலைக்குப் போயாக வேண்டியவர்களுக்காகப் பிறந்தது.

அந்தப் பரம்பரையில் வந்த ஃபாரஸ்டர் இந்தியாவுக்கு வேறு பெயரில் வந்தது. சுபாருவைத் தயாரித்த ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 20 சதவீதப் பங்கு வைத்திருந்தது. ஆகவே 2000-களின் நடுவில், ஜப்பானில் முழுமையாகத் தயாரான வண்டி கப்பலில் இறங்கி, முகப்பில் செவ்ரோலே சின்னத்தோடு இந்திய ஷோரூம்களில் நின்றது. 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பங்குகளை விற்றது. ஒரு பகுதியை டொயோட்டா வாங்கியது. அதன் பிறகு ஃபாரஸ்டர் இங்கே நெடுநாள் நீடிக்கவில்லை. 2017 முடிவில் ஜெனரல் மோட்டார்ஸே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. சுபாரு தன் சொந்தப் பெயரில் இங்கே கடை திறந்ததே இல்லை. பெற்றவரும் இல்லை, வளர்த்தவரும் இல்லை என்ற நிலைக்கு வண்டி வந்துவிட்டது.

முதலில் ஹெட் கேஸ்கட் விவகாரம். சுபாரு இயந்திரத்தில் பிஸ்டன்கள் நின்றவாக்கில் ஏறி இறங்குவதில்லை, படுத்தவாக்கில் இடமும் வலமுமாக அடிக்கின்றன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹெட், ஆகவே பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டும் இரண்டு. 1990-களின் பிற்பாதியிலும் அதற்குப் பின்னும் அமெரிக்காவில் விற்ற 2.5 லிட்டர் இயந்திரங்களில் இந்த கேஸ்கட்டுகள் கசிந்தன. சிலவற்றில் கூலன்ட் வெளியே சொட்டியது, சிலவற்றில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்தது. சில மாடல்களுக்குக் கம்பெனியே ஒரு சேர்மத்தைக் கூலன்ட்டில் கலக்கச் சொல்லி, உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வரை நீட்டியது. கெட்ட பெயர் அங்கே வந்தது. நியாயமாகவே வந்தது.

ஆனால் இந்தியாவுக்கு வந்தது 2 லிட்டர் இயந்திரம். இரண்டும் ஒரே குடும்பம், பிளாக்கில் சிலிண்டர் மையங்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றுதான். 2.5 லிட்டரில் சிலிண்டர் விட்டம் 99.5 மில்லிமீட்டர், 2 லிட்டரில் 92. அதாவது பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே சின்ன இயந்திரத்தில் ஏழரை மில்லிமீட்டர் உலோகம் கூடுதலாக இருக்கிறது. கேஸ்கட் உட்கார அவ்வளவு அகலமான மேடை. சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மேடைதான் கேஸ்கட்டைக் காப்பாற்றுகிறது. 2 லிட்டர் இயந்திரம் கசியவே கசியாது என்று நான் சொல்லமாட்டேன். குழாய்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி, மே மாத வெயிலில் சயானிலிருந்து செம்பூர் வரை முதல் கியரில் நகர்த்தினால் எந்த அலுமினிய இயந்திரமும் ஒருநாள் கைவிடும். ஆனால் மும்பையில் ஃபாரஸ்டரைப் பற்றிச் சொல்லப்படும் கேஸ்கட் கதை பெரும்பாலும் கடல் தாண்டி வந்த கதை. வேறொரு இயந்திரம் செய்த குற்றத்தை இது சுமக்கிறது. பெயர் இப்படித்தான் பயணம் செய்யும்: மாடலின் பெயர் தெரியும், சிலிண்டர் விட்டம் தெரியாது.

இரண்டாவது குற்றச்சாட்டு உதிரிபாகம். இது உண்மை. நம்பகத்தன்மை பற்றிய அறிவியலில் மிகப் பயனுள்ள ஒரு கணக்கையும் இந்தக் குற்றச்சாட்டுதான் நமக்குத் திறந்துவிடுகிறது.

ஒரு வண்டி ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே சராசரியாக எத்தனை நாள் ஓடுகிறது என்பது ஒரு எண். பழுதானால் மறுபடி ஓட எத்தனை நாள் ஆகிறது என்பது இன்னொரு எண். முதல் எண்ணை, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், வண்டி நம் கைக்கு எத்தனை சதவீத நாட்கள் கிடைக்கும் என்று தெரியும். பொறியாளர்கள் முதல் எண்ணை மட்டும் வைத்துத்தான் நம்பகத்தன்மை என்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் நம்பகத்தன்மை என்று சொல்வது மூன்றாவதை.

கணக்குக்காக இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பிரீமியர் பத்மினி. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில், ஃபியட் 1100-இன் உரிமத்தில் பிறந்து, கறுப்பு மஞ்சள் டாக்சியாக இந்த நகரத்தையே சுமந்த வண்டி. அது மாதம் ஒருமுறை படுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்புரேட்டரோ, கிளட்ச் கேபிளோ, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டோ. தாராவியிலோ அந்தோப் ஹில்லிலோ தெருமுனையில் ஒரு மெக்கானிக் அரை நாளில் எழுப்பிவிடுகிறார். 30-ஐ 30.5-ஆல் வகுத்தால் 98.4 சதவீதம். இன்னொன்று நம் ஃபாரஸ்டர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் படுக்கிறது, ஆனால் ஒரு சென்சாரோ பேரிங்கோ வெளிநாட்டிலிருந்து வந்து சேர 60 நாள். 730-ஐ 790-ஆல் வகுத்தால் 92.4 சதவீதம். இருபத்துநான்கு மடங்கு அரிதாகப் பழுதாகிற வண்டி, ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அதிக நாள் வீட்டில் நிற்கிறது. நாமாக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை, ஆனால் கணக்கின் போக்கு எந்தத் தெருவிலும் மாறாது.

இங்கிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது: நம்பகத்தன்மை என்பது வண்டிக்குள் மட்டும் இருக்கும் குணம் கிடையாது. வண்டியும் அதைச் சரிசெய்யும் ஊரும் சேர்ந்துதான் அது. 2003 அக்டோபரில் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, இருபது ஆண்டு வயது வரம்பைத் தொட்டு 2023 அக்டோபர் இறுதியில்தான் சாலையை விட்டு இறங்கியது. அது ஓடிய காலமெல்லாம் குர்லாவும் தாராவியும் அதன் இயந்திரத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன. குர்லாவிலிருந்து கலினா பக்கம் போகும் சி.எஸ்.டி. சாலையின் உதிரிபாகக் கடைகளும், பழைய பாகத்தைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் பட்டறைகளும், தாராவியில் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பிரித்து மறுபடி பொருளாக்குகிற தொழிலாளர்களும் இல்லாவிட்டால், பத்மினி என்ற பெயருக்கு அந்த நல்ல மதிப்பு வந்திருக்காது. அவர்களுடைய உழைப்பை நாம் வண்டியின் கணக்கில் எழுதிவிட்டோம்.

எதிர்ப்பக்கம் கொழும்பைப் பாருங்கள். இலங்கையில் பழைய ஜப்பானிய வண்டிதான் பொதுவழக்கு. "ரீகண்டிஷன்" என்ற சொல் அங்கே எந்தக் குடும்பத்துக்கும் பழக்கம். ஜப்பானில் புது வண்டிக்கு மூன்று ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கடுமையான கட்டாயச் சோதனை உண்டு. அந்தச் செலவை ஏற்க விரும்பாமல், இன்னும் நன்றாக ஓடும் வண்டிகளை உரிமையாளர்கள் ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏலக்கூடத்தில் ஒரு பரிசோதகர் ஒவ்வொரு வண்டிக்கும் தாள் ஒன்று எழுதுகிறார்: நாலரை, நாலு, மூன்றரை என்று தரம், விபத்தில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தால் ஆர் என்ற எழுத்து. அந்தத் தாளோடு கொழும்புக்கு வரும் வண்டிக்கு பஞ்சிகாவத்தையில் கதவு முதல் கியர்பாக்ஸ் வரை கிடைக்கும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருந்த வண்டிகளை அந்தக் கடைகளும் பட்டறைகளும்தான் ஆண்டுக்கணக்கில் ஓடவைத்தன.

இந்தியா வேறு பாதையை எடுத்தது. பழைய வண்டியை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது தயாரித்து மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், இன்னும் ஐந்து ஆண்டாவது சாலைக்குத் தகுதி என்ற சான்று வேண்டும். வண்டி மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. இதோடு சுங்க வரியும் சேரும்போது, கொழும்பில் ஆசிரியரும் வியாபாரியும் ஓட்டுகிற ரகம் வண்டி இங்கே செல்வந்தரின் ஆசைப்பொருளாக ஆகிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் கடை இல்லை; கடை இல்லாவிட்டால் அந்த வண்டியைக் கைப்பழக்கமாக அறிந்த மெக்கானிக்கும் உருவாகமாட்டார்.

இனி, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு வருவோம். "டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், மழைத்தண்ணி பார்த்ததே இல்லை" என்று சொல்லப்படாத பழைய வண்டி ஏதாவது உண்டா? விற்பவருக்கு வண்டியின் வரலாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். சராசரி விலைக்குத் தன் நல்ல வண்டியைக் கொடுக்க நல்ல உரிமையாளருக்கு மனம் வராது, அவர் சந்தையிலிருந்து விலகிக்கொள்வார். மிச்சமிருப்பதில் மோசமானவை கூடும், சராசரி இன்னும் இறங்கும். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து இதைக் கட்டுரையாக எழுதியவர் ஜார்ஜ் அகர்லாஃப். 1967-இல் அதை ஓர் அமெரிக்க இதழுக்கு அனுப்பிவிட்டு ஓராண்டு தங்க இந்தியா வந்திருந்தபோதுதான் முதல் நிராகரிப்புக் கடிதம் அவர் கைக்கு வந்தது. கட்டுரை 1970-இல் வெளியானது, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் கடைத்தெரு அரிசியில் நிறமும் வடிவமும் ஒத்த கற்களைக் கலந்து விற்பதையும், வீட்டுப் பெண்கள் அதைப் பொறுக்கி எடுப்பதையும் அந்தக் கட்டுரையில் அவர் ஓர் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். கல் பொறுக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சந்தையில் நல்ல அரிசி கிடைக்கும்.

மும்பையில் அந்தக் கல் பெரும்பாலும் வெள்ளம்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே நாளில் கொலாபாவில் நூறு மில்லிமீட்டர்கூட இல்லை. மித்தி ஆறு கரை மீறி, கடலின் ஏற்றமும் சேர்ந்து, குர்லா, கலினா, சயான் பகுதிகளில் வண்டிகள் முழுகிக் கிடந்தன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு வேறு கைக்குப் போயின. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் முன்னால் கனமழைக்குத் தண்ணீர் கட்டுவது இன்றும் தொடர்கிறது.

முழுகிய சாதாரணக் கார் வேறு, முழுகிய நான்கு சக்கர விசை வண்டி வேறு. பின்னதற்குப் பின்பக்கம் இன்னொரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கூட்டுக்குள் எண்ணெயும் காற்றும் சூடாகி, 80 டிகிரி அளவுக்கும் போகலாம். அந்தச் சூட்டோடு வண்டி முழங்காலளவு தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று 30 டிகிரிக்கு ஆறுகிறது. வெப்பநிலையைக் கெல்வினில் வைத்துப் பார்த்தால் 353-லிருந்து 303. அழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் விழுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, மூச்சுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் வெளியே இருப்பது உள்ளே இழுக்கப்படும். வெளியே இருப்பது தண்ணீர். அன்று ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து எண்ணெய் பால்போல வெளுத்து, பேரிங்குகளில் துரு ஏறி, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கம் ஊளைச் சத்தம் கேட்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். புது உரிமையாளர், "இந்த ரகம் வண்டிக்கே கிரவுன் சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்வார்.

டயர் கதை இதைவிடக் கொடியது, ஏனென்றால் இதில் ஏமாற்றுக்காரர் யாரும் இல்லை. கையால் கியர் மாற்றும் சுபாருவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல், அதோடு சேர்ந்து ஒரு விஸ்கஸ் கப்ளிங். மூடிய உருளைக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்று முன் அச்சோடும் பின் அச்சோடும் சேர்ந்திருக்கும். இடையில் கெட்டியான சிலிகோன் திரவம். இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் சுற்றினால் திரவத்துக்கு வேலை இல்லை. ஒன்று வழுக்கி வேகமெடுத்தால், அல்வா கிண்டுகிறவர் கையை இழுப்பதுபோல அந்தத் திரவம் தகட்டை இழுத்துப் பிடித்து, விசையை மற்ற அச்சுக்குத் தள்ளும். பனியிலும் சேற்றிலும் சில நொடிகள் செய்ய வேண்டிய வேலை அது.

இப்போது முன் டயர் ஒன்று வெடிக்கிறது. உரிமையாளர் சிக்கனமாக முன்பக்கம் மட்டும் இரண்டு புது டயர் போடுகிறார். பின் டயர்கள் 5 மில்லிமீட்டர் தேய்ந்தவை. புது டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், தேய்ந்ததில் 31 மில்லிமீட்டர் குறைவு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட ஏழாயிரம் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். நேர்ச்சாலையில், வழுக்கல் ஏதுமில்லாமல், கிழக்கு விரைவுச் சாலையில் நிம்மதியாகப் போகும்போதும் கப்ளிங் ஓய்வில்லாமல் இழுபட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும். சில நொடிகளுக்காகச் செய்த பாகத்தை நாள் முழுக்க வேலை வாங்குகிறோம். நான்கு டயர்களின் சுற்றளவுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று அமெரிக்காவில் சுபாரு சொல்லிவந்தது. அதாவது தேய்மானத்தில் ஒரு மில்லிமீட்டர். ஒரு டயர், இரண்டு டயர் என்று வாங்கிப் பழகிய ஊரில் இந்தக் கட்டளை யார் காதுக்கும் எட்டவில்லை. கப்ளிங்கை வெந்து சாகவைத்தது இந்த இடைவெளிதான். போக்குவரத்து போலீஸின் டோயிங் வண்டி ஒரு அச்சை மட்டும் தூக்கி மற்றதை உருட்டிக்கொண்டு போனாலும் இதே கேடு நடக்கும்.

நல்ல பெயரையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். "நாலு சக்கரமும் இழுக்கும், மழைக்கு இதுதான் வண்டி" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. நின்ற இடத்திலிருந்து நகர, சேற்றிலிருந்து ஏற, நான்கு சக்கர விசை பெரிய உதவி. பிரேக் பிடிக்கும்போது அதற்கு வேலையே இல்லை. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் முக்கியமாக டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று நாசாவின் ஆய்வாளர் வால்டர் ஹோர்ன் 1960-களில் விமான டயர்களை வைத்துக் காட்டினார். அவருடைய சூத்திரத்தின்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு 94 கிலோமீட்டரை ஒட்டி மிதக்கும். தேய்ந்த டயரானால் அதற்கு முன்பே. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இன்று ஃபாரஸ்டரைப் புகழ்கிறவர்கள் பெருகியிருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கவனமில்லாதவர்களிடம் சிக்கிய வண்டிகள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இன்னும் ஓடுபவை, டைமிங் பெல்ட்டைக் கெடுவுக்கு முன்பே மாற்றி, நான்கு டயரையும் ஒன்றாக வாங்கி, உதிரிபாகத்தை ஆறு மாதம் முன்கூட்டியே வரவழைத்து அலமாரியில் வைத்திருக்கிறவர்களுடையவை. அவற்றைப் பார்த்து இந்த ரகமே சிரஞ்சீவி என்று முடிவுகட்டினால், அந்த உரிமையாளர்களின் பொறுமையை மறுபடியும் வண்டியின் கணக்கில் எழுதுகிறோம்.

எனவே செம்பூரில் ஒரு சந்தில் துணி போர்த்தி நிற்கும் ஃபாரஸ்டருக்கு விலை பேசப் போகிறவருக்கு, மாடலின் பெயரைவிட அந்த ஒரு வண்டியின் உடம்பு முக்கியம். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அதன் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட் தண்டவாளத்தின் அடியில் துரு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இயந்திரம் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது நிறமுள்ள கூலன்ட்டா வெறும் குழாய்த் தண்ணீரா என்று காண வேண்டும். டைமிங் பெல்ட் எந்த ஆண்டு மாற்றியது என்று கேட்க வேண்டும். கிலோமீட்டர் குறைவு என்ற பதிலை ஏற்கக் கூடாது, ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். நான்கு டயரிலும் பெயர், அளவு, தேய்மானம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஓட்டிச் சூடான பிறகு, காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து முதல் கியரில் மெதுவாக வட்டமடிக்க வேண்டும். வண்டி தானாக உருளாமல் யாரோ பிடித்து இழுப்பதுபோல் திணறினால் நடுக் கப்ளிங் இறுகிவிட்டது. கடைசியாக, பின் கிரவுனின் ஆயில் போல்ட்டைக் கழற்றி ஒரு விரல் எண்ணெய் எடுத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதற்கு அவர் மறுத்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம்.